கத்துவதை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? சர்வாதிகாரியின் கடைசி நாட்களைத் திரைக்கதையாக்குவது

முதல் வரைவை எல்லோரும் உட்கார்ந்து வாசித்த அன்று ஒரு மூத்த நடிகரும் கூட இருந்தார். மொத்தம் 94 பக்கம். பதினைந்தாம் பக்கம்கூடத் தாண்டவில்லை, கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, “தம்பி, இந்த ஆள் எப்போ மூச்சு விடுவான்?” என்று கேட்டார். சிரித்து மழுப்பினேன். இரவு எண்ணிப் பார்த்தால் 31 காட்சிகளில் ஹிட்லர் கத்திக்கொண்டிருக்கிறார். மேசையைக் குத்துகிறார், வரைபடத்தைக் கிழிக்கிறார், யாராவது அறைக்குள் வந்தால் கத்துகிறார், போனாலும் கத்துகிறார்.

காரணம் பயம்தான். உலகமே காறித் துப்புகிற ஒருவரைப் பற்றி எழுதும்போது ‘நானும் துப்புகிறேன், பாருங்கள்’ என்று பக்கத்துக்குப் பக்கம் காட்டிக்கொள்ளத் தோன்றும். அது எழுதுகிறவனின் தற்காப்பு. ஹிட்லர் யார் என்று டிக்கெட் எடுக்கும்போதே பார்வையாளருக்குத் தெரியும். அதையே இரண்டரை மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தால் கொட்டாவி வரும்.

ஹிட்லர் தன் கடைசி நாட்களைக் கழித்த பெர்லின் பதுங்குகுழி பற்றிய என் திரைக்கதை இன்னும் படமாகவில்லை. ஆறு வரைவு எழுதினேன், நடுவில் இருபது நிமிடப் பகுதியைக் குறும்படமாக எடுத்தும் பார்த்தோம். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு, நான் இடறி விழுந்த இடங்களையாவது சொல்லி வைக்கலாம்.

முதலில் நாட்காட்டியை வெட்டுங்கள். ஹிட்லர் 1945 ஜனவரி 16-இல் பெர்லின் திரும்பினார், நகரம் மே 2-இல் சரணடைந்தது. இடையில் நூறு நாளுக்கு மேல். அத்தனையும் ஒரு படத்தில் அடங்காது. நான் ஏப்ரல் 20-இல் தொடங்குகிறேன். அன்று அவருக்கு 56-ஆவது பிறந்த நாள். ஆட்சியின் மூத்த தலைகளான கோரிங், ஹிம்லர், ஸ்பியர் எல்லோரும் வாழ்த்துச் சொல்ல வருகிறார்கள், சொன்ன கையோடு ஊரைவிட்டுக் கிளம்பப் பார்க்கிறார்கள். ஒரே நாளில் முக்கியப் பாத்திரங்களை அறிமுகப்படுத்தி, பாதிப் பேரை வெளியேயும் அனுப்பிவிடலாம். வரலாறு திரைக்கதை ஆசிரியனுக்கு இவ்வளவு தாராளமாக உதவுவது அபூர்வம், வாங்கிக்கொள்ளுங்கள். இளமைக்கால ஃப்ளாஷ்பேக் மட்டும் வேண்டாம். அப்பா அடித்தார், ஓவியப் பள்ளியில் இடம் கிடைக்கவில்லை என்று போனால், கடைசி நாட்கள் அந்தப் பையனுக்கு நேர்ந்த சோகமாக மாறிவிடும்.

அடுத்து ஒரு நோட்டு வாங்கி நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் ‘கீழே’, வலப்பக்கம் ‘மேலே’. பதுங்குகுழியில் அன்று நடந்தது இடப்பக்கம், அதே நாளில் நிலத்துக்கு மேலே நடந்தது வலப்பக்கம். நான்காம் வரைவுக்கு முன்னால்தான் எனக்கு இந்தப் புத்தி வந்தது. எழுதி முடித்துவிட்டு அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 22. கீழே, ஹிட்லர் நம்பியிருந்த தளபதி ஸ்டைனரின் படை தாக்குதலையே தொடங்கவில்லை என்று தெரிந்து, போர் தோற்றுவிட்டது என்று ஹிட்லர் தளபதிகள் முன் வெடிக்கிறார். மேலே, பெர்லினுக்கு வடக்கே பக்கத்திலேயே இருந்த ஸாக்சென்ஹவுசன் வதைமுகாமுக்குள் சோவியத், போலந்துப் படைகள் நுழைகின்றன. உள்ளே நடக்க முடியாமல் கிடந்த சுமார் 3,000 பேர். முந்தைய நாள்தான் 30,000-க்கும் மேற்பட்ட கைதிகளைச் சாலையில் நடக்க வைத்து ஓட்டிப்போயிருக்கிறார்கள். ஏப்ரல் 29. கீழே, ஹிட்லருக்கும் காதலி ஏவா பிரௌனுக்கும் கல்யாணம், கூடவே உயில். மேலே, டாகாவ் முகாமை அமெரிக்கப் படை திறக்கிறது. ஏப்ரல் 30. கீழே, தற்கொலை. மேலே, பெண்கள் முகாமான ராவென்ஸ்ப்ரூக்குக்கு சோவியத்தின் செஞ்சேனை வந்து சேர்கிறது.

இதில் நான் ஜோடித்தது எதுவும் இல்லை. தேதிகள் தாமாகவே பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டன. பதுங்குகுழிப் படங்களில் நடக்கிற பெரிய தவறு ஹிட்லரை மனிதராகக் காட்டுவது என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேமரா கீழேயே தங்கிவிடுவதுதான் தவறு. அந்தக் கான்கிரீட்டுக்குள் இரண்டு மணி நேரம் யாரோடு உட்கார்ந்திருந்தாலும் அவர்கள் நமக்குத் துணையாகிவிடுவார்கள், அவர்களுடைய பிரச்சினை நம்முடைய பிரச்சினையாகிவிடும்.

அதற்காகக் கீழே ஷாம்பெயின், மேலே பிணம் என்று வெட்டி வெட்டி ஒட்டாதீர்கள், அது மலிவான வித்தை. கீழிருந்து ஏதாவது ஒன்று மேலே போக வேண்டும். ஒரு கட்டளை, ஒரு காகிதம், ஒரு குரல். அது போய் விழுகிற இடத்துக்குக் கேமராவும் கூடவே போக வேண்டும். எனக்கு அதைக் காட்டிக்கொடுத்தது ஒரு டெலிபோன் டைரக்டரி.

கடைசி நாட்களில் ராணுவத் தகவல் தொடர்பு அறுந்துபோய், எதிரி எதுவரை வந்துவிட்டான் என்பதே கீழே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. ஆனால் நகரத்தின் சாதாரணத் தொலைபேசி இணைப்புகள் பல இடங்களில் வேலை செய்துகொண்டிருந்தன. அதிகாரிகள் டைரக்டரியைப் புரட்டி, ரஷ்யர்கள் வரக்கூடிய தெருக்களில் இருந்த வீடுகளுக்கு அழைத்து, வந்துவிட்டார்களா என்று விசாரித்தார்கள். சில வீடுகளில் ரஷ்ய மொழியில் பதில் வந்தது.

என் ஐந்தாம் வரைவில் அது இப்படி இருக்கிறது. இளம் அதிகாரி ஒருவரின் விரல் டைரக்டரியில் ஒரு பெயரின்மேல் நிற்கிறது. சுழற்றுகிறார். ஐந்தாறு மணி அடித்தபின் ஒரு கிழவி எடுக்கிறாள். “மன்னிக்கவும் அம்மா, உங்கள் தெருவில் ரஷ்யர்கள் இருக்கிறார்களா?” அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “நீங்கள் யார்?” என்கிறாள். அவர் சொல்லவில்லை. “ஜன்னல் வழியாகப் பார்த்துச் சொல்ல முடியுமா?” ரிசீவரை மேசைமேல் வைக்கும் சத்தம், நடக்கும் சத்தம், திரும்பி வரும் சத்தம். “இன்னும் இல்லை.” “நன்றி அம்மா.” அவர் வரைபடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்த பெயருக்குப் போகிறார். கேமரா அவரோடு போகவில்லை. கிழவியின் வீட்டில், கையில் ரிசீவரோடு நிற்கும் அவளிடம் இருக்கிறது. ‘இன்னும்’ என்று தன் வாயாலேயே சொன்னது அப்போதுதான் அவளுக்கு உறைக்கிறது. கதவைப் பார்க்கிறாள். அந்த வாரங்களில் பெர்லின் பெண்களுக்கு என்ன நடந்தது என்று தெரிந்தவர்களுக்கு அந்தப் பார்வை போதும்.

கிழவியும் உரையாடலும் என் கற்பனை. டைரக்டரியைப் பார்த்து அழைத்தது நடந்தது. வரலாற்றுப் படத்தில் கற்பனைக்கு இடம் இப்படித்தான் கிடைக்கும், நடந்த ஒரு செயலின் மறுமுனையில்.

மேலே எழுத இன்னும் எவ்வளவோ இருக்கிறது. 16 முதல் 60 வயது வரை ஆண்களைத் திரட்டிய ‘ஃபோக்ஸ்ஷ்டுர்ம்’ படை. டாங்கியை உடைக்கும் பான்சர்ஃபவுஸ்ட்டைத் தூக்கிக்கொண்டு நின்ற பையன்கள். படையைவிட்டு ஓடிப்போனவன் என்று கழுத்தில் அட்டை மாட்டி விளக்குக் கம்பத்தில் தொங்கவிடப்பட்டவர்கள். இவற்றில் ஒன்றையோ இரண்டையோ எடுத்து நின்று காட்டுங்கள். பத்தையும் திணித்தால் கண்காட்சியாகிவிடும்.

சரி, செட்டுக்கு வருவோம். பதுங்குகுழி, ஹிட்லரின் அரசு அலுவலகமான சான்சலரியின் தோட்டத்துக்கு அடியில் சுமார் எட்டு மீட்டர் ஆழத்தில் இருந்தது. மேலே மூன்று மீட்டருக்கும் அதிகமான கான்கிரீட். அறைகள் சின்னஞ்சிறியவை. ஆலோசனைக் கூட்டங்கள் ஒரு நெருக்கடியான இடத்தில் மேசையைச் சுற்றித் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நடந்தன. எங்கள் குறும்படத்தில் ஒளிப்பதிவாளர் வசதிக்காகச் சுவர்களைக் கழற்றி மாட்டும்படி அமைத்தோம். சுவரைக் கழற்றினோம், கேமராவைப் பின்னால் தள்ளினோம், திரையில் பார்த்தால் மண்டபம் மாதிரி இருந்தது. அகல லென்ஸ் போட்டாலும் அதே கதைதான், குறுகிய அறை விரிந்துகொள்ளும். இரண்டாம் முறை சுவரைத் தொடவில்லை. ஒளிப்பதிவாளரின் முதுகு சுவரில் ஒட்டியிருக்க, நடுத்தர லென்ஸில், பாதிக் காட்சிகளைத் திறந்த கதவு வழியாக எடுத்தோம். ஒருவர் உள்ளே வர வேண்டுமென்றால் இன்னொருவர் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். அந்த ஒதுங்கலில் யார் பெரியவர், யார் சின்னவர் என்று வசனமே இல்லாமல் தெரிந்தது.

அதைவிட முக்கியம் சத்தம். டீசல் ஜெனரேட்டரும் காற்றோட்ட இயந்திரமும் ஓடிக்கொண்டே இருந்த இடம் அது. அந்த ‘ம்ம்ம்’ ஓசையைக் கீழ்க்காட்சி எல்லாவற்றிலும் ஒரே அளவில் வையுங்கள். மேலே வெட்டும்போது சட்டென்று நிற்க வேண்டும். பத்து நிமிடத்தில் பார்வையாளர் அதை மறந்துவிடுவார், ஆனால் நின்ற கணத்தில் அவருக்கே தெரியாமல் மூச்சு விடுவார். ஜன்னல் இல்லாததால் கீழே பகலும் இல்லை இரவும் இல்லை. கூட்டங்கள் நள்ளிரவு தாண்டியும் நடந்தன. அதனால் தேதியைத் திரையில் எழுதுவதானால் மேல்க்காட்சிகளில் மட்டும் எழுதுங்கள். ஹிட்லரின் அறையில் பழைய பிரஷ்ய மாமன்னர் பிரெடரிக்கின் ஓவியம் ஒன்று மாட்டியிருந்தது. அதைக் க்ளோசப்பில் காட்டத் தேவையில்லை, குண்டு விழும்போது கொஞ்சம் அதிர்ந்தால் போதும்.

நடிகருக்குக் கொடுக்க வேண்டிய பாடங்கள் இரண்டு. ஒன்று கை. 1945 மார்ச் 20-இல் சான்சலரி தோட்டத்தில் ஹிட்லர் இளைஞர் படைச் சிறுவர்களைப் பாராட்டும் செய்திப்படம் இருக்கிறது. அதற்காக எடுத்த காட்சித் துண்டு ஒன்றில், முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கும் இடக்கை நடுங்குவது தெரியும். எங்கள் நடிகர் முதல் நாள் நடுக்கத்தை நடித்தார். கை வெடவெடத்தது, பார்க்கப் பரிதாபமாக இருந்தது. நடுக்கத்தை நடிக்காதீர்கள், மறைப்பதை நடியுங்கள் என்றேன். கையைப் பின்னால் கொண்டுபோவது, மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்வது, யாராவது பார்த்துவிட்டார்களா என்று ஒரு பார்வை. பரிதாபம் போய், அவரைச் சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் பார்க்காததுபோல நடிப்பது தெரிந்தது. ஒரு ஆட்சியே அந்த நடிப்பில்தானே நின்றது.

இன்னொன்று குரல். மேடைப் பேச்சுகளைக் கேட்டு யாரும் இந்தப் பாத்திரத்தைக் கற்றுக்கொள்ள முடியாது. 1942 ஜூன் 4-இல் பின்லாந்துத் தளபதி மன்னர்ஹைமின் 75-ஆவது பிறந்த நாளுக்குப் போனபோது, ரயில் பெட்டியில் ஹிட்லர் சாதாரணமாகப் பேசியதைப் பின்லாந்து வானொலியின் ஒலிப்பதிவாளர் ஒருவர் ரகசியமாகப் பதிவு செய்தார். சுமார் 11 நிமிடம். தாழ்ந்த, நிதானமான குரல். ஒரு நாட்டிடம் 35,000 டாங்கிகள் இருக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் பைத்தியம் என்றிருப்பேன் என்கிற மாதிரி, வியாபாரத்தில் கணக்குத் தப்பியவர் பேசுவதுபோல் பேசுகிறார். இதே பதுங்குகுழியைப் பற்றி 2004-இல் வந்த ‘டவுன்ஃபால்’ படத்தில் ஹிட்லராக நடித்த புரூனோ கன்ஸ் இந்தப் பதிவைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். எங்கள் நடிகரிடம் இதைப் போட்டுக் காட்டியதும், “இவ்வளவு சாதாரணமாகவா?” என்றார். மறுநாளே வசனத்தில் பாதியை அவராகவே தாழ்த்திப் பேசினார்.

அந்தப் படத்தில் ஏப்ரல் 22 காட்சிக்கு என்ன ஆயிற்று என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கத்தல் துண்டு மட்டும் இணையத்தில் தனியாகப் பிரிந்து வந்து, பொய் சப்டைட்டில்களோடு ஆயிரம் கேலி வீடியோ ஆகிவிட்டது. படத்தின் குற்றமில்லை அது, அங்கே கதவுக்கு வெளியே கேட்டுக்கொண்டு நிற்பவர்களின் முகமும் இருக்கிறது. எனக்கு அதில் ஒரு சோதனை கிடைத்தது. உங்கள் காட்சியில் சத்தத்தை நிறுத்திவிட்டு எந்தச் சப்டைட்டில் போட்டாலும் பொருந்துகிறதா? பொருந்தினால் அங்கே வெறும் கோபம்தான் இருக்கிறது, அந்த நாள் இல்லை. என் ஆறாம் வரைவில் கத்தல் முழுக்க மூடிய கதவுக்குப் பின்னால். வெளியே ஒரு செயலாளர் கையிலிருந்த காகிதங்களை அடுக்குகிறார். அடுக்கியதையே மறுபடி அடுக்குகிறார்.

தமிழில் எழுதுகிறவனுக்கு ஜெர்மன்காரனுக்கு இல்லாத ஒரு தலைவலியும் உண்டு. அவரா, அவனா? ‘ஹிட்லர் உள்ளே வருகிறார்’ என்று எழுதினால் மரியாதை கொடுத்தாயா என்பார்கள். ‘வருகிறான்’ என்றால் ஒவ்வொரு வரியிலும் தீர்ப்பு எழுதியதாகிவிடும், நடிகரும் அதையே நடிப்பார். நான் ‘அவர்’ என்றே எழுதினேன். அந்த அறையில் யாரும் மனசுக்குள்கூட ‘அவன்’ என்று நினைக்கத் துணியவில்லை, அந்தப் பயம் காட்சிக் குறிப்பிலேயே இருக்கட்டும். மொத்தத் திரைக்கதையிலும் ‘அவன்’ ஒரே ஒரு முறைதான் வருகிறது, மேலே, மகனைக் கம்பத்திலிருந்து இறக்கும் ஒரு தாயின் வாயில்.

இனி அனுதாபக் கணக்கு. ஒவ்வொரு வரைவையும் நான்கு பேரிடம் படிக்கக் கொடுத்து, எங்கே தொண்டை அடைத்தது என்று மட்டும் கேளுங்கள். என் மூன்றாம் வரைவைப் படித்த நான்கு பேரும் நாய்க்காக வருந்தினார்கள்! ஏப்ரல் 29-இல் சயனைடு குப்பியை ஹிட்லரின் நாய் ப்ளோண்டிமேல் சோதித்தார்கள். நான் நாயின் கண்ணைக் காட்டியிருந்தேன். இத்தனை கோடி உயிர் போன போரில் என் படம் பார்ப்பவர்கள் ஒரு நாய்க்கு அழப் போகிறார்கள் என்றால் தப்பு என்னுடையது. ஏன் அந்தச் சோதனை நடந்தது என்று திரும்பப் படித்தேன். ஹிம்லர் நேச நாடுகளோடு ரகசியமாகப் பேரம் பேசிய செய்தி முந்தைய நாள் வந்திருந்தது. குப்பிகள் வந்தது ஹிம்லரின் ஆட்கள் வழியாக. உள்ளே இருப்பது விஷம்தானா என்றே சந்தேகம். இப்போது காட்சியில் நாயின் முகம் இல்லை. மருத்துவரின் கையில் குப்பி, இடுக்கி. தன் விஷத்தைக்கூட நம்ப முடியாத ஒரு ஆட்சி.

சாட்சிகளை நம்பும்போதும் கவனம் வேண்டும். உயிரோடு வெளியே வந்த எல்லோருக்கும் தங்களை நல்லவராகக் காட்டிக்கொள்ளக் காரணம் இருந்தது. ஸ்பியரின் நினைவுக்குறிப்பை அப்படியே எடுத்தால் அவர்தான் கதாநாயகன். ஹிட்லரின் பணியாளர் லிங்கே, உதவியாளர் குன்ஷே இருவரும் சோவியத் சிறையில் வருடக்கணக்கில் விசாரிக்கப்பட்டவர்கள், பல இடங்களில் சாட்சியங்கள் ஒத்துப்போவதில்லை. என் வழக்கம், இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னதை நேரில் காட்டுவேன், ஒருவர் மட்டும் சொன்னதை அவர் கண் வழியாக மட்டும் காட்டுவேன்.

ஹிட்லரின் செயலாளர் டிரௌடல் யுங்கேயை, யார் கண் வழியாகக் கதையைப் பார்க்கிறோமோ அந்தப் பாத்திரமாக எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள், நானும் எடுத்தேன். 22 வயதில் வேலைக்குச் சேர்ந்தவர். நாஜிகளை எதிர்த்துத் துண்டறிக்கை கொடுத்ததற்காக 1943-இல் தலை வெட்டப்பட்ட ஸோஃபி ஷோலுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். சின்ன வயது என்பது சாக்கு ஆகாது என்று யுங்கேயே முதுமையில் ஒப்புக்கொண்டார். அதைத் தெரிந்துகொண்டு எழுதினால் அவர் அப்பாவியாக வர மாட்டார். உயில் காட்சியில் அவர் சுருக்கெழுத்து நோட்டோடு உட்காருகிறார். இவ்வளவுக்கும் ஏன் என்று இப்போதாவது ஒரு விளக்கம் வரும் என்று எதிர்பார்க்கிறார். வருவது அதே பழைய பேச்சு, யூதர்கள்மேல் அதே பழி. பென்சில் ஒரு நொடி நிற்கிறது, பிறகு எழுதுகிறது. அந்த இரண்டாவது பாதிதான் முக்கியம்.

கல்யாணத்தைச் சுருக்கமாக முடியுங்கள். முதல் வரைவில் வயலினெல்லாம் போட்டிருந்தேன். இப்போது அது ஒரு அலுவலகக் காட்சி. பதிவாளர் சட்டப்படி இருவரிடமும் ஆரிய வம்சமா, பரம்பரை நோய் உண்டா என்று கேட்கிறார். யாரிடம் கேட்கிறோம் என்று அவருக்கும் தெரியும். ஏவா கையெழுத்திடும்போது பழக்கத்தில் பிரௌன் என்பதன் முதல் எழுத்தை எழுதி, அடித்துவிட்டு, ஹிட்லர் என்று எழுதுகிறார். அந்த அடித்தல் க்ளோசப் போதும்.

பிரச்சார அமைச்சர் கோயபல்ஸின் ஆறு குழந்தைகள், 4 முதல் 12 வயது வரை. மே 1 மாலை விஷம் கொடுக்கப்பட்டது. இங்கே கதவுக்கு வெளியே நில்லுங்கள். நடிக்கும் குழந்தைகளுக்குத் தூங்கும் காட்சி என்று சொன்னால் போதும், அவர்கள் தூங்கும்போதே எடுத்து முடியுங்கள்.

நடைமுறை விஷயம் ஒன்று. சீருடைகளையும் சின்னங்களையும் ஒருவர் எண்ணி வாங்கி எண்ணிக் கொடுக்கட்டும். எங்கள் துணை நடிகர் ஒருவர் இடைவேளையில் நாஜிகளின் எஸ்எஸ் படை உடுப்போடு தெருவில் நின்று செல்ஃபி எடுத்துப் போட்டுவிட்டார். இரண்டு நாள் படப்பிடிப்பு விளக்கம் சொல்வதிலேயே போனது.

வேறு சர்வாதிகாரியை எடுத்தால் வடிவமே மாறும். முசோலினியின் முடிவு ஓட்டம், ஜெர்மன் ராணுவ கோட்டைப் போட்டுக்கொண்டு லாரியில் ஒளிந்த ஆள் பிடிபடுகிறார். ருமேனியாவின் சௌஷெஸ்குவின் முடிவு விசாரணை, 1989 டிசம்பர் 25-இல் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது, அசல் வீடியோவே இருப்பதால் நீங்கள் அதோடு போட்டி போட வேண்டும். ஸ்டாலின் முடிவு ஒரு மூடிய கதவு. 1953 மார்ச் 1 முழுக்க அறையிலிருந்து சத்தமில்லை, அழைக்காமல் உள்ளே போகக் காவலர்களுக்குத் துணிவில்லை, இரவில்தான் தரையில் கிடந்தவரைக் கண்டார்கள். அந்தக் கதவின் வெளிப்புறத்தில் மட்டுமே ஒரு முழுப் படம் எடுக்கலாம்.

ஹிட்லரின் மரணத்தைக் காட்ட வேண்டாம். அது வீரமாகவும் ஆகிவிடும், பழிவாங்கிய திருப்தியாகவும் ஆகிவிடும், இரண்டும் வேண்டாம். அவர் முன்னால் யாரும் புகைபிடிக்கக் கூடாது என்பது அங்கே விதி. ஏப்ரல் 30 பிற்பகல் எல்லாம் முடிந்தபின், பதுங்குகுழிக்குள்ளேயே ஆட்கள் சிகரெட் பற்ற வைத்தார்கள். என் காட்சியில் கேமரா நடைபாதையில் நிற்கிறது. யாரோ தீக்குச்சி கிழிக்கிறார்கள், இன்னொருவர் திரும்பிப் பார்க்கிறார், யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் பையில் கைவிடுகிறார். இயந்திரத்தின் ‘ம்ம்ம்’ அப்படியே ஓடுகிறது.

படத்தை அங்கே முடிக்கலாம் என்று எடிட்டர் அடம்பிடித்தார். நான் ஒரு நாள் கூடுதலாகக் கேட்டேன். மே 1 இரவு ஹாம்பர்க் வானொலி ப்ரக்னரின் ஏழாவது சிம்பொனியைப் போட்டு, ஃப்யூரர், அதாவது தலைவர் ஹிட்லர், கடைசி மூச்சுவரை போல்ஷெவிசத்தை எதிர்த்துப் போரிட்டு விழுந்தார் என்று அறிவித்தது. மறுநாள், பெர்லினைக் காத்த தளபதி வைட்லிங், ஹிட்லர் தற்கொலை செய்துகொண்டு, விசுவாசப் பிரமாணம் எடுத்தவர்களைக் கைவிட்டுவிட்டார் என்று படைகளுக்குச் சொன்னார். என் கடைசிக் காட்சியில் டைரக்டரியில் வந்த அதே கிழவியின் வீடு. வானொலி பேசிக்கொண்டிருக்கிறது. கதவு திறந்து கிடக்கிறது, நாற்காலி சாய்ந்து கிடக்கிறது, டெலிபோன் ரிசீவர் கம்பியில் தொங்குகிறது. அவள் அங்கே இல்லை.